தமிழில் மருத்துவம் தந்த கிறீன் வைத்தியர்

மக்கட் பிறவி எடுத்தோர் எவராயினும் வாழ்வில் இருமுறையேனும் பிறர் கையை நாடியே தீரல் வேண்டும். மண்ணில் வந்து பிறக்கும்போது ஏந்துவதற்கு ஒரு கை. மூச்சு ஒடுங்கும்போது நாடி பார்ப்பதற்கு ஒரு கை. இவ்விரண்டிற்கும் இடையே குழந்தைப் பருவத்துக் காய்ச்சல், உழைக்கும் பருவத்துக் காயம், முதுமைப் பருவத்து இளைப்பு என எத்தனையோ துன்பங்கள் வந்து போகின்றன. இவை அனைத்தையும் ஒருவரே அறிந்து, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர்தம் நோய் நீக்குவாராயின், அவரே ஓர் ஊருக்கு வாய்த்த மருத்துவர் ஆவார். அத்தகைய மருத்துவர் பலரைத் தமிழ் வழங்கும் மண்ணிலே, தமிழ் மொழியிலேயே பயிற்றுவித்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதப் புகுகின்றோம். அவர் பிறப்பால் தமிழர் அல்லர், அமெரிக்கர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர்.

இவ்வரலாற்றை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன் நம் அன்னையாருக்கு வயிற்றில் துன்பம் கண்டது. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஆங்கிருந்த இளம் மருத்துவர் கன்னடமும் ஆங்கிலமும் வல்லவர், பொறுமையும் உள்ளவர். அன்னையார் தமக்குற்ற துன்பத்தைக் குத்தல் என்றும், குடைச்சல் என்றும், எரிச்சல் என்றும், உளைச்சல் என்றும் பொழுதுக்கேற்றவாறு பிரித்துப் பிரித்துச் சொன்னார். நாமோ, நெடுங்காலம் கன்னட நாட்டில் வாழ்ந்தும், அவ்வளவையும் நோவு என்னும் ஒரே சொல்லில் அடக்கிக் கூறிவிட்டோம். நோவு என்பது தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவாய சொல். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் அன்னையாரின் நான்கு சொற்களும் மறைந்து போயின. நோய் இன்னதென்று தெளிய மேலும் பத்து நாட்கள் சென்றன. குற்றம் மருத்துவருடையதன்று, இடையே நின்று மொழிபெயர்த்த நம்முடையதே. நோயாளியின் சொல் மருத்துவரின் செவிக்கு நேரே செல்லாவிடில் என்ன நேரும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். இதனை ஏறத்தாழ 160 ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்து, அதற்கெனத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் கிறீன்.

அவர் 1822 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்னும் பண்ணை வீட்டில் பிறந்தார். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க்கு மாநகரைச் சுற்றியிருந்த பகுதிகளை ஒன்றிணைத்துப் பெருநகராக்கப் பாடுபட்டவர் என்று பெயர் பெற்றவர். தமையனார் நகரத்தை வளர்த்தார். தம்பியாரோ கடல் கடந்து எளிய மக்களின் சிற்றூர்களை நாடினார். நியூயார்க்கில் மருத்துவக் கல்வி பயின்று 1845 இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்கக் கிறித்தவ சங்கத்தாரின் மருத்துவ ஊழியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. மறு ஆண்டு மானிப்பாய் என்னும் ஊரில் மருந்துச் சாலையும், அதனை ஒட்டி மருத்துவப் பள்ளியும் அமைத்தார்.

அவருக்கு முன்பும் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர்கள் பணியாற்றியதுண்டு. அவருள் முதல்வர் ஜான் ஸ்கடர் என்பார். நம்மவர் பலர் கொடிய நோய் வந்தால் நாடிச் செல்லும் வேலூர் மருத்துவமனையை நிறுவி, 1918 இல் ஆங்குப் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், அந்த ஜான் ஸ்கடரின் பேத்தியாரே ஆவார். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஊன்றிய விதையின் நிழலில் ஹனூர் வாசிகளாகிய நாமும் இன்று ஒதுங்குகின்றோம் எனலாம்.

மானிப்பாயில் கிறீன் கண்டது என்ன? வாந்திபேதியும் வைசூரியும் அந்நாளில் அடிக்கடி தோன்றி உயிர்களைக் கொள்ளை கொண்டன. பிரசவ வேதனையில் நாட்கணக்கில் துடிக்கும் தாய், மாந்தத்தால் வாடும் மதலை, பனையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த தொழிலாளி, கண் புரையால் வழி தெரியாத முதியவர் ஆகிய யாவரும் வந்து நிற்கும் வாயில் ஒன்றே. இவருக்கு ஒரு வைத்தியர், அவருக்கு ஒரு வைத்தியர் என்று பிரித்தனுப்ப அங்கு வழியில்லை. எத்தனை நாள் உழைப்பினும் தாம் ஒருவர் மட்டும் போதாது என்பதைக் கிறீன் விரைவில் கண்டுகொண்டார். ஊர்தோறும் ஒருவர் வேண்டும். அவர் எல்லாப் பருவத்தாரின் நோயையும் அறிந்தவராதல் வேண்டும். அவர் அம்மண்ணிலேயே பிறந்தவராதல் வேண்டும். இதுவே அவர் கொண்ட முடிபு.

இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இதனைச் சொல்ல ஓர் உவமை தோன்றுகின்றது. ஒரு வண்டி செல்லும் வழியில் பல நிலையங்கள் உள. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிலைய அதிகாரி இருக்கின்றார். அவர் தம் நிலையத்தைக் கடக்கும் வரையில் வண்டியைக் காக்கின்றார். ஆனால் வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியுடன் அமர்ந்திருக்கும் கார்டு, தம் பணி முடியும் எல்லை வரையில் அவ்வண்டியை விட்டு இறங்குவதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் இருதயத்துக்கும் தனித்தனியே அமைந்த பெரு மருத்துவர்கள் நிலைய அதிகாரிகள் போன்றோர், அவர்களும் இன்றியமையாதவரே. குடும்ப மருத்துவரோ கார்டு போன்றவர். மானிப்பாயில் கிறீன் பயிற்றுவித்தவர்கள் இத்தகைய மருத்துவர்களே.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரி முதலிய இடங்களில் ஆங்கிலம் கற்ற இளைஞர் அவரிடம் சேர்ந்தனர், நன்கு தேறினர். ஆயினும் ஒரு குறை தோன்றிற்று. ஆங்கிலத்தில் தேர்ந்தவரை அரசாங்க உத்தியோகமும் பிற ஊர்களும் ஈர்த்துக்கொண்டன. எந்தச் சிற்றூருக்காகப் பயிற்றுவித்தாரோ அந்தச் சிற்றூர் மீண்டும் மருத்துவர் இன்றி நின்றது. மேலும், கற்றவர் உடையிலும் நடையிலும் ஐரோப்பியரைப் போலாகித் தம் மக்களுக்கே அன்னியராகிவிடுதல் கூடாது என்பது கிறீனின் உள்ளக்கிடக்கை. ஆகவே, தமிழரை மருத்துவராக்க வேண்டுமாயின் மருத்துவத்தைத் தமிழாக்க வேண்டும் என்னும் துணிவுக்கு வந்தார்.

சொல்லுதல் எளிது, செய்தல் அரிதன்றோ! கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் முதலில் தாமே தமிழ் கற்றார். பின்னர் உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் என்பன பற்றிய கட்டரின் நூலைத் தமிழாக்கி 1852 இல் வெளியிட்டார். அதன் பின் அவர் எடுத்துக்கொண்ட நூல் யாது என்பதை அன்பர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். அது பிரசவ வைத்தியம். 1857 இல் அந்நூல் வெளிவந்தது. மனித வாழ்வின் முதல் வாயில் பிரசவமாதலின், மருத்துவம் பயில்வோர் அதனை விட்டுவிடாமல் கற்றல் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

1857 இல் தாயகம் சென்ற கிறீன், திருமணம் புரிந்து 1862 இல் துணைவியாருடன் மீண்டார். 1864 இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். அதற்கென நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அறுவைச் சிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867 இலும், உடற்கூறு பற்றிய மனுஷ அங்காதிபாதம், நோய்களும் அவற்றின் சிகிச்சையும் பற்றிய வைத்தியாகரம் ஆகிய இரண்டும் 1872 இலும், இரசாயனம் பற்றிய கெமிஸ்தம் 1875 இலும், உடலியக்கம் பற்றிய மனுஷ சுகரணம் 1883 இலும் அச்சேறின. இவற்றின் பக்கங்களைக் கூட்டினால் ஆயிரக்கணக்கில் ஆகும். டான்போர்த், சாப்மன் முதலிய மாணாக்கர் இம்மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றனர். பெயரைக் கண்டு மயங்கற்க. இவர்கள் தமிழ் இளைஞரே. அமெரிக்க உபகாரிகளின் பெயரை மாணாக்கருக்குச் சூட்டும் வழக்கம் அந்நாள் யாழ்ப்பாணத்தில் இருந்தது.

கலைச்சொல் ஆக்குவதில் அவர் கொண்ட முறை போற்றத்தக்கது. முதற்கண் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று தேடினார். இல்லையாயின் வடமொழியை நாடினார். அங்கும் கிட்டாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்பத் திருத்திக்கொண்டார். கெமிஸ்தம் என்னும் பெயரே இதற்குச் சான்று. இன்று அந்நூல்களைப் படிப்போர்க்கு வடசொல் மிகுதியாய்த் தோன்றலாம். சில சொற்கள் கடுமையாகவும் இருக்கலாம். ஆயினும் சொல்லே இல்லாத இடத்தில் முதற் சொல்லை நட்டவர் அவர். வழி அமைத்த பின் அதனை மெழுகிச் செம்மை செய்தல் பின்வருவோர் கடன்.

இங்ஙனம் அவர் பயிற்றுவித்த மருத்துவர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவருள் தமிழிலேயே பயின்றவர் 33 பேர். ஒரு சிறு குடாநாட்டில், நோயாளியின் மொழியிலேயே நோயைக் கேட்டறிந்து, அம்மொழியிலேயே சிந்தித்து மருந்தளிக்கும் 33 பேர் ஊர்களில் பணிபுரிவது எத்துணைப் பெரிய செல்வம்!

1873 இல் கிறீன் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். ஆயினும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. கையெழுத்துப் படிகள் கப்பலில் வூஸ்டர் சென்றன. திருத்தம் பெற்றுக் கப்பலில் மீண்டன. அமெரிக்கப் பண்ணை வீடொன்றில் அமர்ந்து தமிழ் நூல்களைத் திருத்திக் கொண்டிருந்த அம்மருத்துவரை எண்ணுங்கால் நம் நெஞ்சம் உருகுகின்றது. 1884 மே 28 ஆம் நாள் அவர் காலமானார். தம் கல்லறையில் தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்ததையே பொறிக்குமாறு அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் நாட்டிய பயிர் நிலைத்ததா எனில், இல்லை என்றே வருத்தத்துடன் கூறல் வேண்டும். 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அங்குப் பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. கிறீன் சென்ற சில ஆண்டுகளில் மானிப்பாய்த் தமிழ் வகுப்பு நின்றது. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மட்டும் மானிப்பாயில் நின்று அவரை நினைவூட்டுகின்றது. 2022 இல் மத்தியப் பிரதேசத்தில் மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டபோது நாடெங்கும் அது புதுமையாகப் பேசப்பட்டது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் அது நிகழ்ந்திருந்தமையைத் தமிழரே மறந்திருந்தோம்.

மானிப்பாய் எங்கே, ஹனூர் எங்கே என்று அன்பர்கள் வினவலாம். 1956 நவம்பர் 1 வரை நம் கொள்ளேகால் வட்டாரம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் இங்குச் சந்தையிலும் வயலிலும் கன்னடமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. ஆகவே இங்கு ஒரு மருத்துவருக்கு ஒரு செவி போதாது. இரு செவி வேண்டும். நம் மாவட்டத் தலைநகராகிய சாமராஜநகரில் 2016 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை ஏற்று, அவர்தம் நலத்தைத் தொடர்ந்து கவனித்துப் பயில வேண்டும் என்னும் முறையும் அண்மை ஆண்டுகளில் நாட்டில் வந்துள்ளது. கிழவர் முதல் கைக்குழந்தை வரை ஒரு வீட்டிலேயே காணும் இக்கல்வி, கிறீன் கண்ட வழியை ஒத்ததே.

நம் காலனிப் பிள்ளைகள் சிலரும் நாளை அக்கல்லூரியின் படியேறுவர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. ஆங்கிலம் நன்கு கற்க. அது கல்விக்கு வேண்டும். கன்னடத்தை இன்னும் நன்கு கற்க. நமக்கு உண்ண உணவும் இருக்க இடமும் தந்த மக்களின் மொழி அது. நாளை உங்கள் முன் அமரும் நோயாளிகளுள் பெரும்பாலோர் மொழியும் அதுவே. தமிழை மறவற்க, வீட்டில் இருக்கும் பாட்டியின் குத்தலும் குடைச்சலும் அதில்தான் பேசும். அமெரிக்கர் ஒருவர் கடல் கடந்து வந்து அன்னியரின் மொழியைக் கற்க இயலுமாயின், பாட்டியின் மொழியைப் பேரன் கற்பது அரிதோ?

பெற்றோரும் தம் கடமையை எண்ணுதல் நன்று. பிள்ளைக்கு மதிப்பெண் எத்தனை என்று வினவும் நாம், முதியோரிடம் அது நாள்தோறும் சிறிது பொழுது அமர்ந்து பேசியதா என்றும் வினவுவோமாக. பிணியுற்றவர் சொல்வதை முழுதும் கேட்கும் பழக்கம் கல்லூரியில் தொடங்குவதன்று. வீட்டுத் திண்ணையில் தொடங்குவது. அப்பழக்கம் உடைய பிள்ளை மருத்துவராயினும் ஆகாவிடினும், மொழிபெயர்க்க நின்ற இடத்தில் நம்மைப்போல் நான்கு சொல்லை ஒன்றாக்கி விழுங்கிவிடாது.

கிறீன் வைத்தியரின் புகழ் நம் இல்லந்தோறும் நிலவுவதாக.