திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பேரைக் கேள்விப்படாதவங்க நம்ம குழுக்கள்ல இருக்க மாட்டாங்க. அதை ஆரம்பிச்சவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா. ஆனா அதுக்குக் காரணமான சம்பவம் நடந்தது திண்டிவனத்துல. அப்போ அதுவும் நம்ம தென்னாற்காடு மாவட்டம்தான்.

அமெரிக்கக் குடும்பம், அப்பா டாக்டர். ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் படிச்சிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்க 1890-ல் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்குற எண்ணம் கிடையாது.

ஒரு ராத்திரி மூணு ஆண்கள் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேற மேல்சாதி. மூணு பேர் மனைவிக்கும் பிரசவத்துல சிக்கல். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அப்பாவைக் கூட்டிட்டுப் போகச் சொன்னார். ஆம்பளை டாக்டர் வேணாம்னு திரும்பிப் போயிட்டாங்க. சாதி, மதம் வேற வேற, பிடிவாதம் மட்டும் ஒண்ணு. விடிஞ்சப்போ மூணு பெண்களும் உயிரோட இல்ல.

ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி 1900-ல் வேலூர் வந்தார். கல்யாணமே பண்ணிக்கல. முதல்ல அப்பா வீட்டிலேயே வைத்தியம். கூட நின்னு உதவி செஞ்சவர் வீட்டு வேலையாளோட மனைவி சலோமி. 1902-ல் 40 படுக்கையோட ஆஸ்பத்திரி வந்தது. ஆனா ஒரே டாக்டரம்மா எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்? அதனால நம்ம ஊர்ப் பெண்களுக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். 1909-ல் நர்சு பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி. மூணு பேர் சேர்ந்தாலே பெருசுன்னு அதிகாரி நினைச்சாராம். 1922-ல் பரிட்சை எழுதின 14 பெண்களும் பாஸ்!

1947-லதான் ஆண் பிள்ளைகளையும் அங்கே சேர்த்தாங்க. ஐடா அம்மா 1960 மே மாசம் கொடைக்கானலில் இறந்தார். வயசு 89.