கடலடியில் ஆடிய ஊசல்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் பினாங்குக் கரையில் ஆழிப்பேரலைக்குத் தம் தம்பியைப் பறிகொடுத்தவர் என் பாட்டி. மீன் வாங்கி வரச் சொல்லித் தாமே அனுப்பியதாக இன்றும் வருந்துகிறார். பூமி ஏன் அசைந்தது என்று சிறுவயதில் அவரிடம் கேட்டேன். அவரிடம் விடையில்லை. பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயில வந்தபோதுதான், அவ்விடையைத் தேடிக் கடலடியில் பயணித்த ஒரு மாமனிதரை அறிந்தேன்.

அவர்தாம் பெலிக்ஸ் வெனிங் மைனெஸ். 1887-இல் நெதர்லாந்தில் பிறந்தார். தந்தையார் மாநகர மேயர். மகனோ டெல்ஃப்டில் பொறியியல் முடித்து, 1910-இல் புவியீர்ப்பை அளக்கும் பணியில் இறங்கினார். ஊசல் ஆடும் வேகத்தைக் கொண்டு ஈர்ப்பை அளப்பார்கள். அந்நாட்டு மென்னிலம் அதிர்ந்ததால் ஊசல் தடுமாறியது. ஊசல்களை இணையாக ஆடவிட்டு, அவற்றின் வேறுபாட்டைக் கணக்கிட்டு அப்பிழையை நீக்கினார்.

கடலில் அளப்பது எப்படி? அலை ஓய்ந்திருக்கும் ஆழத்திற்கே செல்லத் துணிந்தார்! 1923-இல் நீர்மூழ்கிக் கப்பலில் ஜாவாவுக்குப் புறப்பட்டார். மிக நெடிய உருவம் அவருக்கு. அந்தக் குறுகிய கூட்டுக்குள் எத்துணைத் துன்பப்பட்டிருப்பார்!

பின்வந்த பயணங்களில், சுமத்ராவுக்கு மேற்கிலும் ஜாவாவுக்குத் தெற்கிலும் ஈர்ப்பு குறைந்த நீண்ட பட்டை ஒன்றைக் கண்டார். நீரில் அமிழ்த்திய கட்டை, கையை எடுத்தால் மேலே வந்துவிடும். அங்கே கடலடி மேலெழவில்லை. எனவே ஏதோ ஒரு விசை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உணர்ந்தார். புவியோட்டின் கீழுள்ள மேன்டல் திண்மப் பாறைதான்; ஆயினும் நெடுங்காலத்தில் மெல்ல ஓடும். குளிர்ந்து கீழிறங்கும் அவ்வோட்டமே மேற்பரப்பையும் இழுக்கிறது என்றார்.

புவியோடு இருபுறமும் நெருக்கப்பட்டு மடிந்து தாழ்கிறது என அவர் எண்ணியது முழுச்சரியன்று. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் செருகுவதை 1960-களில் உலகம் ஏற்றது. 1966-இல் அவர் மறைந்தார். 2004-இல் வழுக்கியது, அவர் அளந்த அதே வரிசையைச் சேர்ந்த தட்டெல்லைதான்.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. நம் தீபகற்பத்திற்கும் சுமத்ரா, ஜாவா, போர்னியோவுக்கும் இடைப்பட்ட சுண்டா மேடை, ஆண்டுக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை தாழ்வதாக 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. செருகும் தட்டும் மேன்டல் ஓட்டமுமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன.

இவ்விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து இவற்றைச் சொல்லப்போகிறேன். பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் அன்று காலை விடுபட்டது. அதற்கும் அவர் மீன் வாங்கச் சொன்னதற்கும் தொடர்பில்லை. தம்பி திரும்பி வரப்போவதில்லை. பாட்டியின் நெஞ்சில் உள்ள பாரமாவது சற்றுக் குறையாதா?