தாவரங்களின் எண் அறிந்த ஜானகி அம்மாள்

மூலிகைகளை நம்மனோர் இலையாலும் வேராலும் மணத்தாலும் இனங்காண்பர். இவ்வடையாளங்களுக்கும் அப்பால், நுண்ணோக்கிக்கே புலனாகும் ஓர் அடையாளம் உண்டு. அதுவே உயிரணுவினுள் அமைந்த குரோமோசோம்களின் தொகை. அதனை எண்ணியறிவதிற் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் ஜானகி அம்மாள்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் மலையாள நாட்டுத் தலச்சேரியிற் பிறந்தார். சென்னை இராணி மேரி கலாசாலையிலும் மாநிலக் கலாசாலையிலும் பயின்று, பெண்கள் கிறிஸ்தவக் கலாசாலையில் ஆசிரியையாக அமர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதற் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் கரும்பையும் அதன் காட்டுச் சுற்றத்தையும் ஆராய்ந்தார். அதன்பின் இங்கிலாந்து அடைந்து, போர்க்காலத்தும் பணி விடாது உழைத்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் கூடி, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இற் பெருநூலொன்று வெளியிட்டார். 1951-இல் பண்டித நேருவின் அழைப்பை ஏற்றுத் தாய்நாடு திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்திருத்தும் பொறுப்பேற்றார்.

இவ்வெண்ணால் யாது பயன் என மாணவர் வினவலாம். குழந்தை மருந்தாகிய வசம்பை நோக்குக. அதில் 24, 36, 48 குரோமோசோம்கள் உடைய வகைகள் உள. பார்வைக்கு யாவும் வசம்பே. ஆயினும் 24 உடையதிற் பீட்டா அசரோன் என்னும் பொருள் காணப்படுவதில்லை. 36 உடையதிற் சிறிதளவே உண்டு. 48 உடையதில் மிகுதி. அப்பொருளோ எலிகளுக்குப் புற்றுநோய் விளைத்ததென ஆராய்ச்சியிற் கண்டனர். பெயர் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. குரோமோசோம் தொகுதி பெருகுங்கால், உயிரணுவிலுள்ள மரபுப் பொருளின் அளவும் பொதுவாகப் பெருகும். ஆதலின் எண்ணறியாது மூலிகை பயிரிடுவோன் எம்மருந்தை விளைக்கிறான் என்பதை அறியான்.

இவ்வகை வேற்றுமைகள் இடந்தோறும் அமைவன. ஒரு காடு அழியின், அங்கன்றி வேறெங்கும் இல்லாததொரு வகையும் உடனழியக் கூடும். இதனை நன்குணர்ந்தமையால், முதுமையிலும் அம்மையார் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுதலை எதிர்த்தார். சென்னையை அடுத்த மதுரவாயலிற் சர்வகலாசாலை ஆய்வுக்கூடத்தில் மூலிகை வளர்த்து வாழ்ந்து, 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் காலமானார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. அவர் காக்க விழைந்த மரங்கள் நிற்கின்றன.