ஆம்பியர்: சுவிட்சிலும் ஃபியூஸிலும் வாழும் பெயர்

மாலை செபம் முடிந்து பாடம் படிக்க உட்கார்ந்திருக்கிறோம். பட்டென்று விளக்கு அணைகிறது. அப்பா டார்ச்சு விளக்குடன் மெயின் போர்டுக்குச் சென்று ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே கம்பி உருகிக் கிடக்கிறது. கட்டையின் மேல் ஓர் எண். அதை அடுத்து 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. அந்த எழுத்து ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே பிரான்சு நாட்டுப் பேரறிஞர் ஆந்த்ரே மாரி ஆம்பியர். அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

ஆம்பியர் 1775-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் லியோன் நகரில் பிறந்தார். தந்தை பட்டு வணிகர். தாய் பக்தி மிக்கவர். போலமியூ என்ற சிற்றூரில் வளர்ந்த அச்சிறுவன் பள்ளிக்கூடம் சென்றதே இல்லை. தந்தையின் நூலகமே அவனுக்குப் பள்ளி. பெரிய கணித நூல்கள் இலத்தீனில் இருந்ததால், அவற்றைப் படிப்பதற்காகவே அம்மொழியைக் கற்றுக்கொண்டான்.

அந்த இனிய நாட்கள் நீடிக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது லியோன் நகரில் நீதிபதியாக இருந்த தந்தை, 1793 நவம்பரில் கொலைக் கருவிக்குப் பலியானார். பதினெட்டு வயது ஆம்பியர் பித்துப் பிடித்தவர்போல் ஆனார். ஓராண்டுக்கும் மேலாகப் புத்தகத்தைத் தொடவில்லை. பின்னர் செடி கொடிகளைப் பற்றிய படிப்பும் இலத்தீன் கவிதைகளுமே அவரை மெல்ல மீட்டன.

1799-இல் ஜூலி என்ற நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் ஜூலி நோயில் விழுந்தார். ஆம்பியரோ பிழைப்புக்காக வேறு ஊரில் ஆசிரியப் பணி செய்ய நேர்ந்தது. 1803-இல் ஜூலி இறந்தார். மறு ஆண்டு ஆம்பியர் பாரிசுக்குச் சென்று கணிதம் கற்பித்தார். 1806-இல் செய்துகொண்ட இரண்டாம் திருமணமும் நிலைக்கவில்லை. இத்தனை துன்பங்களுக்கிடையே அவருடைய விசுவாசமும் ஆட்டம் கண்டது. சில ஆண்டுகள் ஐயத்தில் தவித்து, பின்னரே திருச்சபையின் வாழ்வுக்கு முழு மனத்துடன் திரும்பினார்.

1820-ஆம் ஆண்டு வந்தது. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி திரும்புகிறது என்று டென்மார்க்கு நாட்டு ஆயர்ஸ்டெட் கண்டறிந்திருந்தார். செப்டம்பர் 11-ஆம் நாள் பாரிசு அறிவியல் கழகத்தில் அராகோ அதைச் செய்து காட்டியதை ஆம்பியர் பார்த்தார். ஒரே வாரத்தில், 18-ஆம் நாள், தம் முதல் ஆராய்ச்சியுடன் அதே கழகத்தின் முன் நின்றார். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரு கம்பிகளில் மின்சாரம் ஒரே திசையில் ஓடினால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும். எதிர்த் திசைகளில் ஓடினால் விலக்கும் என்று மெய்ப்பித்தார். மின் அழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே.

இந்தப் பிரிவினையை நம் வீட்டுச் சுவிட்சிலேயே காணலாம். அதில் இரண்டு எண்கள் இருக்கும். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் மின்சாரத்தின் அளவு. விளக்கு, மின்விசிறிக்கு 6 ஆம்பியர் சுவிட்சு போதும். ஆனால் 2000 வாட் வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 2000-ஐ நம் வீட்டு மின் அழுத்தமாகிய 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் வரும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் சூடேறிக் கருகும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தடித்த வயரும் வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் எழும் சூடு நான்கு மடங்காகும் என்பதை நாம் மறக்கலாகாது.

வயர் சூடேறித் தீப்பற்றுமுன் தான் உருகி, மின்சாரத்தைத் துண்டிப்பதே ஃபியூஸின் வேலை. எம்.சி.பி.யும் இதையே செய்கிறது. ஆகவே ஃபியூஸின் எண், வயர் தாங்கும் அளவை மீறக்கூடாது. அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவது, காவல்காரனின் கண்ணைக் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் ஃபியூஸ் வயரைக் காக்குமேயன்றி, நம் உயிரைக் காக்காது. ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கி, அதில் சில பத்துப் பங்குகள் நம் உடலில் ஓடினாலே இதயம் நின்றுவிடக்கூடும். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தால் 6 ஆம்பியர் ஃபியூஸ் உருகாது. இங்கேதான் ஆர்.சி.டி. என்னும் கருவி துணைக்கு வருகிறது. மின்சாரம் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அதிலுள்ள ஒரு வளையத்தினூடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை, எதிர்த் திசைகளில் ஓடும் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பழுதான இஸ்திரிப்பெட்டியை ஒருவர் தொட்டதும், சிறிது மின்சாரம் அவர் உடல் வழியே தரைக்கு இறங்கும், திரும்புவது குறையும். உடனே வளையத்தில் காந்தம் எழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படும். 1820-இல் ஆம்பியர் ஆராய்ந்த மின்னோட்டத்தின் காந்த ஆற்றலே இங்கு உயிர்காக்கும் கருவியாகிறது.

ஆர்.சி.டி.யிலும் இரண்டு எண்கள் உண்டு. 40 ஆம்பியர் என்றிருந்தால், அது தாங்கக்கூடிய அளவு. 30 மில்லி ஆம்பியர் என்பது, எவ்வளவு கசிந்தால் அது துண்டிக்கும் என்ற அளவு. முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதை மறந்துவிடக் கூடாது. அது வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். ஆர்.சி.டி. இருந்தாலும் ஃபியூஸோ எம்.சி.பி.யோ வேண்டியதுதான், ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதிருப்பதும் வேண்டியதுதான்.

உலகம் போற்றிய பின்பும் ஆம்பியர் எளியவராகவே வாழ்ந்தார். 1831-இல் சட்டம் பயிலப் பாரிசுக்கு வந்த ஓர் இளைஞருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். அந்த இளைஞர்தாம் பிரடெரிக் ஓசானாம். 1833-இல் நண்பர்களுடன் சேர்ந்து ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர். 1997-இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர். நம் பங்குகளில் ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டும் அச்சபையினரைக் காணும்போது, ஆம்பியரின் வீட்டுத் திறந்த கதவும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

பணி நிமித்தம் பயணம் சென்றபோது நோயுற்று, 1836 சூன் 10-ஆம் நாள் மார்செய் நகரில் தம் 61-ஆம் வயதில் ஆம்பியர் இறைவனடி சேர்ந்தார். 1881-இல் பாரிசில் கூடிய அறிஞர்கள் மின்னோட்டத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

மாணவியரே, இன்று வீட்டுக்குச் சென்றதும் பெற்றோருடன் மெயின் போர்டின் முன் நின்று, எதையும் தொடாமல், அதிலுள்ள எண்களைப் படித்துப் பாருங்கள். ஆர்.சி.டி. இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையேல், தகுதி பெற்ற எலெக்ட்ரீசியனை அழைக்கச் சொல்லுங்கள். அன்புக்குரிய இருவரை இளமையிலேயே இழந்த ஒரு மனிதரின் பெயரை நம் வீட்டுச் சுவர் தாங்கி நிற்கிறது. அதை மதித்து நடந்தால், நம் வீட்டில் ஓர் இழப்பு நேராமல் தடுக்கலாம் அன்றோ!