சிங்காரவேலரின் வாழ்வில் மூடநம்பிக்கை மறுப்பு: ஒரு மறுநோக்கு

ம. சிங்காரவேலர் (1860–1946) பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 1923ஆம் ஆண்டு மே நாளையே மையமாகக் கொள்கின்றன. திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்திற்கு எதிரிலும் அன்று அவர் நடத்திய கூட்டங்களின் புகழ், அவருடைய அறிவியல் எழுத்துகளைப் பின்னிணைப்பாக்கிவிட்டது. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது.

அயோத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த அவர் சட்டம் பயின்று வழக்குரைஞரானார். தொடக்கத்தில் அவரை ஈர்த்தது பௌத்தம். வழிபாட்டு நெறியாக அன்றிக் காரணகாரிய ஆராய்ச்சியாகவே அவர் அதனைக் கொண்டார் எனலாம். அவருடைய இளமைக்காலச் சென்னையில் அற்புதங்களுக்குக் குறைவில்லை. அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு மறைநிலை மகான்களின் கடிதங்கள் வருவதாகக் கற்றோரும் நம்பினர். அவற்றை நேரில் ஆராய்ந்த ரிச்சர்டு ஹாட்சனின் 1885ஆம் ஆண்டு அறிக்கை, அவை மோசடி என முடிவுகட்டியது. மூடநம்பிக்கை கல்லாதார்க்கே உரியது என்னும் எளிய கருத்து இங்கேயே தகர்ந்துவிடுகிறது.

1921இல் பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை அவர் ஆதரித்தார். புளியந்தோப்பு முதல் கொருக்குப்பேட்டை வரை பரவிய உழைப்பாளர் குடியிருப்புகளே அவ்வரசியலின் களம். 1928ஆம் ஆண்டு இரயில்வே வேலைநிறுத்தம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

விடுதலைக்குப் பின், எழுபது வயதைக் கடந்த நிலையில், ‘குடிஅரசு’ இதழில் அவர் தொடர்ந்து எழுதலானார். பிரபஞ்சத் தோற்றம், உயிர்களின் பரிணாமம், பேய் பிசாசு எனப் பொருள்கள் விரிந்தன. ‘கடவுளும் பிரபஞ்சமும்’, ‘மெய்ஞ்ஞான முறையும் மூடநம்பிக்கையும்’ ஆகியவை இவ்வகையின. சுயமரியாதை மேடை எள்ளலைப் பெரிதும் ஆண்டது. சிங்காரவேலரோ விளக்கத்தையே நம்பினார். பேய் இல்லை என்று மறுப்பதோடு நில்லாமல், பேயாகத் தோன்றுவது யாது என்ற வினாவை உடலியல், உளவியல் வழியே எழுப்பினார். நோயுற்ற தொழிலாளி மருத்துவரை நாடுவதா மந்திரவாதியை நாடுவதா என்பது கூலியையும் உயிரையும் தொடும் வினா அன்றோ!

குறையும் உண்டு. அறிவியல் பரவினால் மூடநம்பிக்கை தானே தேயும் என்னும் அவர் நம்பிக்கை மிகையானது. அடையாற்று நிகழ்வே அதற்கு எதிர்ச்சான்று.

இவ்வெழுத்துகளை முதுமையின் பொழுதுபோக்காகக் கொள்ளக் காலவரிசை இடந்தரவில்லை. 1932 டிசம்பரில் ஈரோட்டில் முன்வைக்கப்பட்ட சமதர்ம வேலைத்திட்டத்தை அவர் உருவாக்கிய ஆண்டுகளும் இக்கட்டுரைகளின் ஆண்டுகளும் ஒன்றே. 1935இல் தாமே தொடங்கிய ‘புது உலகம்’ இதழிலும் அவ்விரு பொருள்களையும் அவர் பிரித்துவைக்கவில்லை.