ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம் பாடம் கற்ற டொக்டர் மொண்டிசோரி அம்மையார்

நம் கோயில் மண்டபத்தில் சிறுபிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் கூடினால், எந்த முன்பள்ளி நல்லது என்ற பேச்சு வராமல் போகாது. அந்தப் பேச்சில் மொண்டிசோரி என்ற பெயரும் வரும். இந்நாட்டில் பலருக்கு அது கூடிய கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியின் பெயர். பிள்ளை மற்றவர்களை முந்திக்கொண்டு வாசிக்கப் பழகும் இடம். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் தமது பணியைத் தொடங்கியது கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் அல்ல. இவர்களுக்குப் படிப்பே ஏறாது என்று உலகம் கைவிட்ட பிள்ளைகளிடமே தொடங்கினார். சென்னையிலும் கொடைக்கானலிலும் பல வருடங்கள் வாழ்ந்த அவருடைய வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நல்லது.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தர். தாயார் வாசிப்பில் பிரியமுள்ளவர். மகளின் படிப்புக்குத் துணை நின்றவர். வைத்தியம் பெண்களுக்குரிய தொழில் அல்ல என்று கருதப்பட்ட அக்காலத்தில், மரியா ரோம் பல்கலைக்கழகத்தில் படித்து 1896ல் டொக்டர் பட்டம் பெற்றார்.

பின்னர் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அதன் நிமித்தம் ரோம் நகரின் மனநோய் விடுதிகளுக்குப் போய்வர நேர்ந்தது. அங்கே மூளை வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளும் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் கிடந்த பாண் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினார்களாம். பார்த்திருந்த பெண் அதை அருவருப்பாகச் சொன்னாள். மரியாவுக்கோ வேறொன்று தோன்றியது. அந்த அறையில் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இல்லை. அவர்களை வாட்டியது வயிற்றுப் பசி அல்ல, கைகளின் பசி என்று அவர் கண்டார்.

இத்தகைய பிள்ளைகளுக்குப் புலன்கள் வழியாகக் கற்பிக்கலாம் என்று இட்டார், செகன் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் முன்னரே எழுதியிருந்தார்கள். அவர்களில் செகன் அமெரிக்காவில் குடியேறி 1880ல் நியூ யோர்க்கில் காலமானவர். அவருடைய மனைவியார் பின்னாளில் நியூ ஜேர்சியின் ஒரேஞ்ச் நகரில் அவர் பெயராலேயே ஒரு பள்ளியை நடத்தினார். மரியா இவ்விருவரின் நூல்களையும் ஊன்றிப் படித்தார். 1900ல் ரோமில் இப்பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய ஆசிரியர்களுக்காகவும் தொடங்கிய பள்ளிக்கு இயக்குநர்களில் ஒருவரானார். அங்கே கற்ற சில பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகளுக்கான அரசாங்கப் பரீட்சையிலே சித்தியடைந்தார்கள். எல்லோரும் வியந்து பாராட்டினார்கள். ஆனால் மரியாவின் சிந்தனை வேறு பக்கம் திரும்பியது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடிந்தால், நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாக நின்றுவிடும்படி சாதாரணப் பள்ளிகளில் அவர்களைத் தடுப்பது எது என்று யோசித்தார்.

இதே காலத்தில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. உடன் பணியாற்றிய டொக்டர் ஒருவருடன் ஏற்பட்ட உறவில் 1898ல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடைபெறவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சி, குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். பிறர் பிள்ளைகளுக்காக மேடையேறி வாதாடிய தாய், தன் பிள்ளையைத் தன்னுடையதென்று சொல்ல முடியாமல் பல வருடங்கள் தவித்தார். மரியோ வளர்ந்தபின் தாயிடம் வந்து சேர்ந்து, கடைசிவரை அவருக்கு வலக்கரமாக இருந்தார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் அறையில், முதலாவது பாலர் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்களே அங்கு மாணவர்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாம் உருவாக்கிய கருவிகளையே மரியா இங்கும் கொடுத்தார். வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவது ஒரு வேலை. ஒன்றைத் தவறான குழியில் இட்டால் கடைசியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். என் தொழிலில் இருபக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று ஏடே சொல்லிவிடுவது போலத்தான் இது. பிழையைப் பொருளே காட்டுவதால் ஆசிரியர் ஏசத் தேவையில்லை. பிள்ளையும் வெட்கப்படத் தேவையில்லை. மற்றொன்று உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகுவது. ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரல் பிடித்து எழுதுவிக்கும் நமக்கு இது புதுமையல்ல.

இவற்றோடு இன்னொரு முக்கியமான ஏற்பாடும் இருந்தது. மூன்று வயது முதல் ஆறு வயது வரையான பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் வேலை செய்தார்கள். மூத்தது இளையதற்குக் காட்டிக்கொடுத்தது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத அறையில் பின்தங்கியவன் என்ற பட்டத்துக்கே இடமில்லாமற் போகிறது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும் மற்றவர்களோடு ஒன்றாக இருக்க இடம் கிடைப்பது இதனால்தான்.

இம்முறை விரைவில் அமெரிக்காவுக்கும் வந்தது. தொலைபேசியைக் கண்டுபிடித்தவரும் செவிப்புலன் இல்லாதோரின் கல்வியில் ஈடுபட்டவருமான அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய துணைவியாரும் வாஷிங்டனில் இதற்கு ஆதரவு தந்தார்கள். 1913ல் அம்மையார் நியூ யோர்க் கார்னகி மண்டபத்தில் உரையாற்றினார். 1915ல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. சிறுவர்கள் வேலையில் ஆழ்ந்திருப்பதைச் சனங்கள் வெளியே நின்று பார்த்தார்கள். பின்னர் கல்வியாளர் சிலரின் கண்டனத்தால் இங்கு ஆர்வம் குன்றி, 1950களின் இறுதியில்தான் மீண்டும் துளிர்த்தது.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அம்மையாரை ஆதரித்தது. பின்னர் முரண்பாடு முற்றி, 1934ல் அவர் தாய்நாட்டை விட்டு நீங்கினார். பார்சலோனாவில் வாழ்ந்தார், 1936ல் உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் துரத்தியது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியபின் வீட்டையும் உடைமையையும் விட்டுக் கப்பலேறுவது எப்படிப்பட்டது என்பதை என்னைப் போல் போரினால் ஊர் விட்டு வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1939ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மகனுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரது பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மரியோவைச் சிறைமுகாமில் இட்டது. அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. அவருடைய 70ஆவது பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். அடுத்து கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் பல வயது, பல தேசப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்ற பள்ளி ஒன்று அங்கே நடந்தது. அப்பணியில் அவருக்கு உதவிய லீனா விக்ரமரத்ன இலங்கையைச் சேர்ந்தவர்; பின்னாளில் அமெரிக்காவிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944ல் அம்மையார் இலங்கைக்கும் சென்று பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில் அவர் காலமானார்.

விசேட தேவையுள்ள பிள்ளைக்கும் பள்ளியில் இடமளிக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1975ல்தான் வந்தது. இயன்றவரை மற்றப் பிள்ளைகளுடனேயே அப்பிள்ளை கற்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடு. 1986ல் அது பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் நம்மவர்களில் சிலர் இந்த உரிமையைக் கேட்பதில்லை. வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசுவதால் பேச்சுப் பிந்துகிறது என்று காத்திருப்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. வேறு சிலர் ஒட்டிசம் என்ற சொல் ஊர்வாயில் விழுந்துவிடுமே என்று பிள்ளையைக் கோயிலுக்கே கூட்டிவருவதில்லை.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையானால் நியூ ஜேர்சி, கலிபோர்னியா, டெக்சாஸ் எங்கிருந்தாலும் மாநிலத்தின் ஆரம்பத் தலையீட்டுச் சேவையைப் பெற்றோரே நேரில் அழைக்கலாம். மூன்று வயதானபின் உங்கள் பகுதிப் பள்ளி மாவட்டத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. தமிழ் மட்டுமே விளங்கும் பிள்ளையை இயன்றவரை தமிழிலேயே பரிசோதிக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. சிறுவயதில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் பெறுமதியானது.

கோயிலாகிய நமக்கும் கடமை உண்டு. ஞாயிறு தமிழ் வகுப்பில் இப்பிள்ளைகளைத் தனி அறைக்கு அனுப்பாமல் மற்றவர்களோடு ஒரே பாயில் இருத்துவோம். எழுத முடியாத பிள்ளை மணலில் தடவட்டும். பேச முடியாத பிள்ளை பூத்தட்டை ஏந்தட்டும். மணியோசைக்கு ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல், தாய்க்கு அருகில் சற்று இடம் விட்டு உட்காருவோம்.