ஒட்டுச்சீட்டின் தந்தை ஸ்ரான்ரன் ஏவரி

கல்லூரி விழா மலர்களிற் பெரியோர் வரலாறுகள் இடம்பெறுதல் நெடுநாள் வழக்கம். சமயங் காத்தோர், தமிழ் வளர்த்தோர், நாட்டுக்கு உழைத்தோர் ஆகியோரின் வாழ்க்கையைப் படித்து இளைஞர் பயன்பெறல் வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் நோக்கம். இம்மலரிலே தொண்டைமானாற்றுப் பழைய மாணவராகிய நாம் எழுதப் புகுந்திருப்பது ஒரு கைத்தொழிலாளரின் வரலாறு. ஒட்டுத்தாளை வெட்டி விற்ற ஒருவருக்கு இத்துணைச் சிறப்பு எதற்கு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். முற்றும் படித்தபின் அவ்வினா எழாது என்பது எமது நம்பிக்கை.

எமது ஊரின் பெயரே ஒரு வெட்டு வேலையின் நினைவைத் தாங்கி நிற்பது. உப்பு ஏற்றிச் செல்லும் மரக்கலங்கள் உள்ளே வந்து போதற்பொருட்டுக் கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவர் இவ்வாற்றை வெட்டுவித்தார் என்பது இங்கு வழங்கி வரும் மரபுரை. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் வெட்டப்பெற்ற ஒரு வழி ஒரு வாணிகத்துக்கே உயிர் அளித்தல் கூடும் என்பதை அம்மரபு எமக்கு உணர்த்துகின்றது. ஸ்ரான்ரன் ஏவரி அவர்களின் வாழ்வும் அதே உண்மையை வேறொரு துறையில் விளக்குவதாகும்.

அவர் செய்த வேலையின் அருமையை உணர்தற்கு, அவருக்கு முன் இருந்த நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். வடமராட்சிச் சிறுவர் தைப்பொங்கற் காலத்திற் பட்டம் கட்டுவதை அறியாதார் இலர். மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, தாளை வெட்டி, ஈர்க்கின்மேல் ஒட்டி, வெயிலிற் காயவிடுதல் வேண்டும். பசை கூடினால் தாள் ஊறிக் கிழியும். குறைந்தாற் காற்றில் வாய் பிளக்கும். கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பொருள்களின்மீது பெயரும் விலையும் ஒட்டியவர் நிலையும் முன்னாளில் இதனின் வேறன்று. பசைச் சட்டியும் தூரிகையும் வேண்டும், அன்றேல் நாவினால் நனைத்து ஒட்டும் சீட்டு வேண்டும். அச்சீட்டும் சிலவிடத்து ஒட்டாது விழும். சிலவிடத்துப் பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது பொருளின் மெருகையும் உடன் கொண்டு போகும்.

நீரும் சூடும் வேண்டாது, விரலால் அழுத்திய மாத்திரத்தே பற்றும் நாடாவை அமெரிக்காவிற் பெருவழக்காக்கியவர் ரிச்சர்ட் ட்ரூ என்பவர். மினசோட்டா மாநிலத்துத் திறீ எம் கம்பனியிற் பணியாற்றிய அவர், மோட்டார் வண்டிகளுக்கு இருநிறம் பூசுவோர் படும் தொல்லையை அவர்தம் பட்டறையிலேயே கண்டு, 1925இல் வண்ணம் மறைக்கும் நாடாவை ஆக்கினார். 1930இற் கண்ணாடித்தாள் நாடாவையும் தந்தார். ஆயினும் நாடா என்பது நீளமாகக் கிடைப்பதொன்று. அதனை வேண்டியவர் வேண்டிய வடிவில் அறுத்துக் கொள்ளுதல் வேண்டும். முன்னரே வடிவாக வெட்டப்பெற்று, எடுத்தவுடன் ஒட்டத்தக்க துண்டுகளை இயந்திரத்தால் ஆக்கித் தரும் தொழிலைத் தோற்றுவித்த பெருமை ஏவரி அவர்களையே சாரும்.

ரே ஸ்ரான்ரன் ஏவரி அவர்கள் 1907ஆம் ஆண்டு சனவரி மாதம் 13ஆந் திகதி ஒக்கிளகோமா நகரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயப் போதகர். பொருள் மிகுதியில்லாத குடும்பம் ஆதலின், கலிபோர்ணியாவில் உள்ள பொமோனா கல்லூரியிற் பயின்றபோது தம் படிப்புச் செலவைத் தாமே உழைத்துத் தேடும் கடமை அவருக்கு வாய்த்தது. வாடகைக்குப் பெற்ற ஒரு கோழிக்கூட்டையே இருப்பிடமாக்கி அவர் வாழ்ந்தார் என்பர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வறியோர்க்கு உணவும் உறைவிடமும் அளித்துவந்த மிட்நைற் மிஷன் என்னும் அறநிலையத்திலும் வேலை செய்தார். கல்லூரி நாள்களிலே சீன நாட்டுக்கும் சென்று வந்தார். 1932இற் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற காலம் நல்ல காலமன்று. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்தது. 1933 அளவில் அந்நாட்டு உழைப்பாளருள் நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். கற்றவன் என்பதற்காக எவரும் அழைத்து உத்தியோகம் கொடுக்கும் நிலை அன்று அங்கு இருந்ததில்லை. உத்தியோகம் ஒன்றையே கல்வியின் பயனாகக் கருதிப் பழகிய எமது சமூகத்துக்கு இப்பகுதி ஊன்றிப் படிக்கத் தக்கது.

1935ஆம் ஆண்டில் ஏவரி அவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் சிறியதோர் இடத்தை வாடகைக்குப் பெற்றுத் தொழில் தொடங்கினார். முதலீடு நூறு டொலருக்கும் உட்பட்டது. அதனைக் கடனாகக் கொடுத்தவர், பின்னர் அவருடைய இல்லத்தரசியாகிய டொறதி டர்பி என்னும் ஆசிரியை. இயந்திரம் வாங்கப் பணமில்லை. ஆகவே பழைய சலவை இயந்திரத்தின் மோட்டரையும், தையல் இயந்திரத்தின் பாகங்களையும், வாள் இயந்திரமொன்றின் உறுப்புகளையும் பொருத்தி, ஒட்டுச்சீட்டு வெட்டும் இயந்திரத்தைத் தாமே அமைத்தார். கம்பனிக்குக் கம் கிளீன் என்று பெயரிட்டார். சுத்தமாக உரிந்து வரும் என்பது அப்பெயரின் கருத்து. பரிசுப்பொருட் கடைகளும் பழம்பொருட் கடைகளும் விலைச்சீட்டாக இவற்றை வாங்கின. பொருளுக்கு ஊறு செய்யாமல் நீங்குவதே அவ்வாணிகர் விரும்பிய குணம்.

இவ்வியந்திரத்தின் நுட்பத்தை ஈண்டு விளக்குதல் பொருந்தும். பசை பூசிய தாள், பசை எளிதில் விட்டுக்கொடுக்கும் ஓர் அடித்தாளின்மேற் படிந்திருக்கும். கூரிய விளிம்புள்ள வெட்டச்சு மேலிருந்து இறங்கி, மேற்றாளையும் பசையையும் அறுத்து, அடித்தாளைத் தொடும் அளவில் நின்றுவிடல் வேண்டும். மாம்பழத்தின் தோலைக் கீறும்போது சதையிற் கத்தி படாமற் கீறுவது எத்துணை அரிதோ அத்துணை அரிது இவ்வேலை. சற்று ஆழ்ந்தால் அடித்தாள் அறுந்து சுருள் முழுவதும் பாழாம். சற்று மேலே நின்றாற் சீட்டு உரியாது. அறுத்த பின், சீட்டுகளுக்கு இடையிலுள்ள கழிவு ஒரு வலைபோல உரித்தெடுக்கப்படும். தட்டிப் பரப்பிய மாவில் மூடியால் வட்டங்கள் வெட்டிய பின், எஞ்சிய மாவைத் தூக்கி எடுக்கும் எம் தாய்மாரின் கைவேலையே இதுவும். கழிவு நீங்கியபின் அடித்தாளின்மேல் வரிசையாகச் சீட்டுகள் மாத்திரம் நிற்கும். வேண்டியவர் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டியதே.

தொழில் வளரத் தொடங்கிய காலத்தில் இடரும் வந்தது. 1938இல் நேர்ந்த தீவிபத்தில் அவர்தம் இயந்திரங்கள் அழிந்தன. ஏவரி அவர்கள் பழைய அமைப்பை அப்படியே திரும்பச் செய்யாது, அதன் குறைகளை நீக்கிச் சிறந்த இயந்திரங்களாகப் புதுக்கி அமைத்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவருடைய வாடிக்கையாளர் மாறினர். கடலில் வீழ்ந்தோரை மீட்கும் வானொலிக் கருவிகளின்மேல், ஆபத்துக் குறியைத் தந்திச் சங்கேதத்திற் காட்டும் நீர்படாச் சீட்டுகளை அவர் ஆக்கிக் கொடுத்தார். உப்பு நீரிலும் உரியாத சீட்டு உயிர்காக்கும் பொருளாகும் என்பதைக் கடலோடிகளின் வழிவந்த எம்மூரவர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. போர் முடிந்தபின் அவருடைய விற்பனையின் பெரும்பகுதி கடைகளை விட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. தத்தம் பொருளுக்கு ஏற்ற வடிவிலும் அளவிலும் வெட்டித் தருமாறு உற்பத்தியாளர் அவரை நாடினர். 1946இற் கம்பனி கூட்டிணைக்கப்பட்டது. அவ்வாண்டில் அவருடன் சேர்ந்து, கம்பனியின் நிருவாகத்தைத் திறம்பட நடத்தியவர் றசல் சிமித் அவர்கள்; அவரும் பொமோனாவின் பழைய மாணவரே. ஒரு கல்லூரியின் மைந்தர் இருவர், ஒருவர் ஆக்கும் திறனும் மற்றவர் நடத்தும் திறனும் உடையராய், கைகோத்து ஒரு பெருந்தொழிலை வளர்த்த செய்தியைப் பழைய மாணவர் மலரிற் குறியாது விடல் முறையன்று.

இனிச் சொல்லப் புகுவதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. 1950களின் தொடக்கத்திலே, சீட்டு ஆக்கும் முறைமீது ஏவரி அவர்களுக்கு இருந்த காப்புரிமை நீதிமன்றத்திற் செல்லாததாயிற்று. அதுவரை பிறர் நுழைய முடியாதிருந்த தொழில் அன்றே எவரும் செய்யத்தக்க பொதுத் தொழிலாயிற்று. பதினைந்து ஆண்டு உழைப்பின் வேலி ஒரே தீர்ப்பில் வீழ்ந்தது. இந்நிலையில் மனிதர் செய்வன இரண்டு: ஒன்று, நொந்து தொழிலைச் சுருக்குதல், மற்றொன்று, போட்டியாளரை வெறுத்து விலையைக் குறைத்து அவரோடு பொருதல். ஏவரி அவர்களும் அவர்தம் துணைவரும் மூன்றாம் வழியொன்றைக் கண்டனர். சீட்டு வெட்டுவோர் பெருகினால் அவர்க்கெல்லாம் பசை பூசிய தாளும் அடித்தாளும் வேண்டுமன்றோ? அம்மூலப்பொருளை நன்கு ஆக்க அறிந்தவர் தாமே. ஆதலின், 1954இல் ஒகையோ மாநிலத்துப் பெயின்ஸ்வில் என்னும் ஊரிற் பாஸன் என்னும் பிரிவை நிறுவி, ஒட்டுப்பொருட் சுருள்களைத் தம் போட்டியாளருக்கே விற்கத் தொடங்கினர். நேற்றைய பகைவர் இன்றைய வாடிக்கையாளர் ஆயினர். நாளடைவில் இப்பிரிவே கம்பனியின் பெருந்தூணாயிற்று.

இதனால் விளைந்த பயன் ஏவரி அவர்களின் கம்பனியோடு நின்றுவிடவில்லை. பெருஞ்சுருளை வாங்கி, வேண்டுவார்க்கு வேண்டிய வடிவில் வெட்டிக் கொடுக்கும் சிறு தொழிலகங்கள் நாடெங்கும் தோன்றுவதற்கு அது வழி திறந்தது. இன்று இத்தொழில் தாட்சீட்டளவில் நிற்பதன்று. கைத்தொலைபேசியின் கண்ணாடியை உடலோடு பிணைப்பது தலைமயிர் போன்ற மெல்லிய சட்டமாக வெட்டப்பெற்ற இருபுற ஒட்டுநாடா. அதன் ஒலிபெருக்கியிற் புழுதி புகாது காப்பது சிறு வளையமாக வெட்டப்பெற்ற நுரைத்துண்டு. நோயாளியின் மார்பிற் பதிக்கும் இதயமின்பதிவு ஒட்டும், மோட்டார் வண்டியின் பெயர்ச்சின்னத்தைப் பற்றி நிற்கும் நாடாவும் அவ்வாறு வெட்டப்பெற்றனவே. இலங்கையின் ஆடைத் தொழிலுக்கும் ஏவரி அவர்களின் கம்பனிக் கிளை சுட்டிகள் வழங்குகின்றது.

இவ்வெட்டுத் தொழிலார் முதலிற் செய்யும் வேலை வெட்டுவதன்று, வினவுவது. ஒட்டப்படும் இடம் உலோகமா, பிளாத்திக்கா? வெயில் படுமா, எண்ணெய் படுமா? ஒருமுறை ஒட்டி என்றும் நிற்பதா, உரித்து எடுக்கப்படுவதா? ஒட்டுபவர் விரலாற் பிடித்தற்கு ஓரத்திற் சிறு தாவல் வேண்டுமா? இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே பசையும் தடிப்பும் தெரிந்தெடுக்கப்படும். அதன்பின் வெட்டச்சு செய்யப்படும். சிறு தொகைக்கும் தடித்த பொருளுக்கும் பலகையிற் பதித்த எஃகு விளிம்பு போதும். பெருந்தொகைக்கு உருளையிற் செதுக்கிய அச்சு வேண்டும். பிறர் தேவையைப் பொறுமையோடு கேட்கும் குணமே இத்தொழிலின் முதல்.

ஏவரி அவர்கள் ஈட்டிய செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொண்டாரல்லர். 1960இல் அவரும் அவர் இல்லத்தரசியாரும் நிறுவிய அறநிதியம் டர்பி என்னும் அம்மையாரின் குடிப்பெயரையே தாங்கி நிற்கின்றது. நூறு டொலருக்கும் குறைந்த அக்கடன் இவ்வாறு என்றும் அழியாக் கடனாயிற்று. கலிபோர்ணியாத் தொழினுட்பவியல் நிறுவனத்தின் அறங்காவலர் அவைக்கு 1974 முதல் 1985 வரை அவர் தலைமை வகித்தார். அங்குள்ள ஏவரி இல்லம் அவர் பெயரை இன்றும் விளக்குகின்றது. 1990இல் அவருடைய கம்பனி டெனிசன் கம்பனியுடன் இணைந்து ஏவரி டெனிசன் என்னும் பெயர் பெற்றது. 1997ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆந் திகதி, தமது தொண்ணூறாவது வயதில் அவர் மண்ணுலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே! இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? எமது கரையிற் கைத்திறன் என்றும் குறைந்ததில்லை. அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், ஏவரி அவர்களின் பட்டறை எரிந்த அதே 1938ஆம் ஆண்டில், அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அறிவும் குறைந்ததில்லை. எமது ஊரின் பெயர் தாங்கிய வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாள்களை வடபுலத்து மாணவர் பலரும் எழுதுகின்றனர். ஆயின் அத்திறனும் அறிவும் பெற்ற இளைஞர், போர்க்காலத்தும் 2009இற் போர் ஓய்ந்த பின்னரும், வேலை தேடிக் கடல் கடந்தே செல்கின்றனர். பெருந்தொழிற்சாலை வந்தால் இங்கிருப்போம் என்பது அவர் உரை. பெருந்தொழிற்சாலை வருமுன்னரே, அதற்கு வேண்டிய சிறு உறுப்பொன்றை ஆக்கக் கற்ற ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது ஏவரி அவர்கள் வாழ்ந்து காட்டிய பாடம். அதற்குப் பரந்த நிலம் வேண்டா. ஆற்று நீரும் வேண்டா. ஓர் அறையும், ஒரு வெட்டச்சும், வினவி அறியும் பணிவும், இடிந்தபோது மாற்றுவழி காணும் உறுதியும் போதும்.

எமது கல்லூரியின் மைந்தர் இருவர், ஒருவர் ஆக்குவோராகவும் ஒருவர் நடத்துவோராகவும், இக்கரையில் அத்தகைய தொழிலொன்றைத் தொடங்குவாராயின், இம்மலரில் இவ்வரலாற்றை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம். அந்நாள் விரைவில் வருவதாக.